தூரத்தை இழுக்கலாம், வெளிச்சத்தை இழுக்க முடியுமா?

நம் சங்க விழா எதுவானாலும், இடைவேளையில் காபி குடிக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் என்னை ஓரமாக அழைத்துக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், ஒரு நல்ல காமிரா வாங்கலாம்னு இருக்கேன். 83 மடங்கு ஜூம்னு போட்டிருக்கான். வாங்கலாமா?" கூட்டங்களில் கழுத்தில் காமிராவுடன் அலைகிற ஆசாமி என்பதால் இந்தக் கேள்வி என்னைத் தேடி வருகிறது. நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் அல்லன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஃபிலிம் சுருளில் 36 படங்களை எண்ணி எண்ணி எடுத்த காலத்திலிருந்து இன்றுவரை, ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக இதை வைத்துக்கொண்டிருப்பவன். அவ்வளவுதான் என் தகுதி.

அவர்களுக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. "எதைப் படமெடுக்கப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் இதற்கு அவர்களிடம் பதில் இருக்காது. "எல்லாத்தையும்தான்" என்பார்கள். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. தூரத்திலிருப்பதை வெயிலில் படம்பிடிக்க ஜூம் காமிராவுக்கு நிகராக ஒரு குடும்பம் வாங்கக்கூடியது வேறில்லை. ஆனால் வீட்டுக்குள்ளும் மேடையிலும் மங்கிய விளக்கொளியில் மனிதர்களைப் படம்பிடிக்க அது மிகவும் திணறும். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு வாங்குபவர் மகிழ்ச்சியாக இருக்கிறார். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவரின் காமிரா ஆறு மாதத்தில் பீரோவுக்குள் போய்விடுகிறது. கணிசமான பணம் போடுகிற விஷயம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மடங்கு என்றால் என்ன?

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். 83 மடங்கு என்றால் பொருள் 83 மடங்கு பெரிதாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. லென்ஸின் மிக நீண்ட அளவை மிகக் குறைந்த அளவால் வகுத்தால் கிடைப்பதுதான் இந்த மடங்கு. 2015-இல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் பி900 காமிராவின் லென்ஸ், பழைய ஃபிலிம் காமிராக் கணக்கில் சொன்னால், 24 மில்லிமீட்டரிலிருந்து 2000 மில்லிமீட்டர் வரை போகும். 2000-ஐ 24-ஆல் வகுத்தால் 83. 2018-இல் வந்த பி1000 காமிரா 3000 மில்லிமீட்டர் வரை போகும். அது 125 மடங்கு.

ஆகவே மடங்கு மட்டும் தெரிந்தால் எட்டும் தூரம் தெரியாது. 24-இல் தொடங்கி 120-இல் முடியும் லென்ஸ் ஐந்து மடங்கு. 70-இல் தொடங்கி 200-இல் முடிவது மூன்று மடங்கு கூட இல்லை. ஆனால் தூரத்தைக் கிட்டத்தில் காட்டுவது இரண்டாவதுதான். கடைக்காரர் மடங்கைச் சொல்லும்போது நீங்கள் கேட்க வேண்டியது, "எத்தனை மில்லிமீட்டரிலிருந்து எத்தனை மில்லிமீட்டர்?" என்பதே. "டிஜிட்டல் ஜூம்" என்று தனியாக ஒரு பெரிய எண் போட்டிருப்பார்கள். அதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுவதுதான் அது. அந்த வேலையை வீட்டில் கம்ப்யூட்டரிலேயே செய்துகொள்ளலாம்.

ஜூம் என்பது புதிய சமாசாரமும் அல்ல. 35 மில்லிமீட்டர் ஃபிலிம் காமிராக்களுக்கான முதல் ஜூம் லென்ஸ் 1959-இல் ஜெர்மனியின் ஃபோக்ட்லாண்டர் கம்பெனியிலிருந்து வந்தது. சூமார் என்ற அந்த லென்ஸ் 36-இலிருந்து 82 மில்லிமீட்டர் வரைதான் போகும்; இரண்டே கால் மடங்கு. அங்கிருந்து 125 மடங்கு வரை வந்திருக்கிறோம். இந்த வளர்ச்சிக்காகக் கொடுத்த விலை ஒன்று உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

வெயிலில் இது ராஜா

மும்பையில் இருக்கும் நமக்கு இயற்கை தந்திருக்கும் பெரிய காட்சி பூநாரைகள். குளிர்காலத் தொடக்கத்திலிருந்து கோடை வரை தாணே கழிமுகத்தின் சேற்றுப் பரப்பில் அவை ஆயிரக்கணக்கில் வந்து மேயும். இந்தக் கழிமுகத்தின் மேற்குக் கரை 2015-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. செம்பூரிலிருந்தும் முலுண்டிலிருந்தும் நெருலிலிருந்தும் போக எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆனால் போய் நின்றால், பறவைகள் சேற்றுக்கு அப்பால் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி ஒரு ரோஜா நிறக் கோடாகத்தான் தெரியும். கைப்பேசியில் எடுத்தால் அந்தக் கோடு புள்ளி புள்ளியாக வரும். ஜூம் காமிராவில் பறவையின் வளைந்த அலகும், சேற்றுத் தண்ணீரில் அதன் கால் நிழலும் வரும். கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் பூநாரை பார்த்த நினைவுள்ளவர்கள், பிள்ளைகளுக்கு அதே பறவையை இங்கே காட்டலாம்.

இதே வேலையைத் தொழில்முறைக் கருவியில் செய்ய வேண்டுமென்றால் என்ன ஆகும்? பறவைப் படக்காரர்கள் வைத்திருக்கும் 600 மில்லிமீட்டர் பெரிய லென்ஸ் மட்டுமே மூன்று கிலோவுக்கு மேல் எடை. விலை பத்து லட்ச ரூபாயைத் தாண்டும். பி900 காமிரா முழுவதுமே ஒரு கிலோவுக்குள். வி.டி.யிலிருந்து லோக்கல் ரயிலில் நெரிசலில் வருகிறவர் தோளில் மாட்டிக்கொண்டு வரக்கூடிய எடை அது. படத்தின் தரத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. ஆனால் நம் தேவை என்ன? சின்ன அளவு பிரிண்ட், வீட்டு டி.வி.யில் பார்ப்பது, ஊருக்கு அனுப்புவது. அதற்கு இது தாராளமாகப் போதும்.

இரண்டாவது, கோபுரம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் கீழ் நின்று அண்ணாந்து பார்க்கிறோம். 1987-இல் முடிக்கப்பட்ட அந்த கோபுரம் 13 நிலைகளுடன் 236 அடி உயரம். மேல் நிலைகளில் இருக்கும் சுதைச் சிற்பங்கள் நம் கண்ணுக்கு வெறும் வண்ணத் திட்டுகள். ஜூம் காமிராவை உயர்த்திப் பிடித்தால் அந்தச் சிற்பங்களின் முகமும் கையிலிருப்பதும் தெரிகின்றன. மும்பையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு கோயில் சலித்துவிடுகிறது என்று குறைப்படுகிறோம். அவர்கள் கையில் இந்தக் காமிராவைக் கொடுத்து, "நாலாம் நிலையில் யார் இருக்கிறார் என்று கண்டுபிடி" என்று சொல்லிப் பாருங்கள். அரைமணி நேரம் கோபுரத்தை விட்டு நகரமாட்டார்கள்.

மூன்றாவது, சந்திரன். நகரத்து வானத்தில் நட்சத்திரங்கள் தெரிவதில்லை, சந்திரன் தெரியும். 2000 மில்லிமீட்டரில் சந்திரன் படச் சட்டத்தின் உயரத்தில் முக்கால் பாகத்தை நிரப்பிவிடும். 3000-இல் சட்டத்தைவிடச் சற்றுப் பெரிதாகி மேலும் கீழும் வெட்டுப்படும். இதில் இரண்டு விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். பலருக்கும் சந்திரன் வெள்ளைத் தட்டாக வரக் காரணம், காமிரா கருப்பு வானத்தைப் பார்த்துவிட்டு வெளிச்சம் போதவில்லை என்று முடிவு செய்வதுதான். சந்திரன் வெயிலில் கிடக்கும் பாறை. ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, ஷட்டர் விநாடியில் 200-இல் ஒரு பங்கு என்று வைத்தால் ஏறத்தாழச் சரியாக இருக்கும். இரண்டாவது, பௌர்ணமியைவிட வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய நாட்களே நல்லவை. பக்கவாட்டில் வெயில் விழுவதால் பள்ளங்களின் நிழல் நீண்டு தெரியும். வியாழன் தெரியும் மாதங்களில் அதன் பக்கத்தில் வரிசையாக நான்கு சிறு புள்ளிகளும் வரும். 1610-இல் கலிலியோ தொலைநோக்கியில் கண்ட அதே நான்கு துணைக்கோள்கள், செம்பூர் மொட்டை மாடியிலிருந்து!

ஓர் எச்சரிக்கை. சூரியனை நோக்கி இந்த லென்ஸை வெறுமனே நீட்டாதீர்கள். 2027 ஆகஸ்ட் 2 அன்று நம் ஊரிலும் பகுதி சூரிய கிரகணம் தெரியும். அதற்கென்று உள்ள சூரிய ஃபில்டரை லென்ஸின் முன்னால் மாட்டாமல் எடுத்தால் காமிராவின் உள்ளே வெந்துபோகும்.

நான்காவதாக ஒரு நன்மை. இது படத்தைப் பற்றியதல்ல. தூரத்தில் நின்று எடுக்க முடிவதால் கூட்டிலிருக்கும் பறவையை நாம் விரட்டுவதில்லை. போரிவலி காட்டில் குரங்கின் பக்கத்தில் போய்க் கடி வாங்குவதுமில்லை. கணபதி விசர்ஜனத்தன்று கடற்கரை நெரிசலில் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு முண்டியடிக்காமல், ஓரத்தில் ஒரு மேடான இடத்தில் நின்றே எடுக்கலாம்.

பலமும் பலவீனமும் ஒரே வேரில்

இனி விலைக்கு வருவோம். ஒரு கிலோவுக்குள் 2000 மில்லிமீட்டர் எப்படி அடங்கியது? உண்மையில் அடங்கவில்லை. பி900 லென்ஸின் நிஜ அளவு அதிகபட்சம் 357 மில்லிமீட்டர்தான். காமிராவுக்குள் இருக்கும் சென்சார் மிகச் சிறியது என்பதால், அது பார்க்கும் சின்ன வட்டம் பழைய கணக்கில் 2000-க்குச் சமமாகிறது. அந்த சென்சாரின் அளவு ஏறத்தாழ 6.2 மில்லிமீட்டருக்கு 4.6 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. ஃபிலிம் சட்டமோ 36-க்கு 24. பரப்பளவில் முப்பது மடங்கு வித்தியாசம். அந்தப் பெரிய சட்டத்துக்கு அதே எஃப் 6.5 திறப்புடன் நிஜமான 2000 மில்லிமீட்டர் லென்ஸ் செய்தால், அதன் முன்கண்ணாடி ஓர் அடி அகலம் இருக்க வேண்டும். தோசைக்கல்லைத் தோளில் சுமப்பது போலத்தான். சென்சாரைச் சிறிதாக்கியதால்தான் முன்கண்ணாடியும் கைக்கு அடங்கியது.

மழையில் முற்றத்தில் ஒரு டம்ளரையும் ஓர் அண்டாவையும் வைத்தால் எதில் தண்ணீர் அதிகம் சேரும்? வெயில் என்பது கொட்டும் மழை. டம்ளரும் சட்டென்று நிரம்பிவிடும். கல்யாண மண்டப விளக்கு என்பது தூறல். டம்ளரில் அடித்தண்ணீர்தான் தேறும். அப்போது காமிரா என்ன செய்யும்? கிடைத்த கொஞ்சம் வெளிச்சத்தை மின்னணு முறையில் பெருக்கும். ஐ.எஸ்.ஓ. எண்ணை ஏற்றுவது என்பது இதுதான். பெருக்கும்போது அழுக்கும் சேர்ந்து பெருகும். முகத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் வரும். அதை மறைக்கக் காமிராவே பூசி மெழுகும்போது கண் இமையும் பட்டுப்புடவைச் சரிகையும் காணாமல் போகும்.

இதற்கு மேல் இன்னொரு சங்கடம். இந்த லென்ஸ்கள் நீள நீள வாய் குறுகும். பி1000 காமிரா அகலக் கோணத்தில் எஃப் 2.8, முழுதாக நீட்டினால் எஃப் 8. எட்டில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே போகும். அந்தச் சிறு வாயும் நுண்ணிய சென்சாரும் சேரும்போது ஒளியே சற்றுப் பரவிக் கூர்மை குறைகிறது. பெட்டியில் 16 மெகாபிக்ஸல் என்று போட்டிருந்தாலும், முழு நீளத்தில் அவ்வளவு விவரம் படத்தில் இருக்காது. இது தயாரிப்பாளரின் குறை அல்ல. ஒளியின் இயல்பு.

நம் வீட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன். பெண்ணின் அரங்கேற்றம். ஷண்முகானந்தா போன்ற பெரிய அரங்கம். அப்பா நடு வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஜூம் செய்கிறார். முகம் அழகாகச் சட்டத்துக்குள் வருகிறது. படம் எடுத்துப் பார்த்தால் கைகள் இரண்டும் புகை மாதிரி இருக்கின்றன. "ஆட்டம் தடுக்கும் வசதி இருக்கே!" என்கிறார். இருக்கிறது. அது தடுப்பது அவருடைய கை நடுக்கத்தை. மேடையில் ஆடும் பெண்ணை அது நிறுத்தாது. அவளை உறைய வைக்க விநாடியில் 250-இல் ஒரு பங்காவது வேண்டும். அதற்கு வெளிச்சம் போதவில்லை என்று காமிரா 30-இல் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது.

சிலர் ஃபிளாஷை அடிக்கிறார்கள். காமிராவிலேயே உள்ள ஃபிளாஷ் சில மீட்டர்தான் எட்டும். முப்பதாவது வரிசையிலிருந்து அடிக்கும் ஃபிளாஷில் முன்வரிசைக்காரர்களின் வழுக்கைத் தலைகள் மட்டுமே நன்றாக விழும். மேடையில் ஆடுபவருக்கும் இடைஞ்சல்.

இதோடு நவராத்திரி கொலுவை ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் வீட்டுக்குள்தான், அதுவும் மங்கிய விளக்குதான். ஆனால் இதே காமிராவை முக்காலியில் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. எண்ணைக் குறைத்து, ஒரு விநாடி, இரண்டு விநாடி என்று நிதானமாக எடுத்தால் படம் அற்புதமாக வரும். ஏனென்றால் பொம்மைகள் அசையாது. டம்ளரை வெகுநேரம் தூறலில் வைத்தால் அதுவும் நிரம்பும் அல்லவா? கொலுவின் முன்னால் பாவாடையோடு உட்கார்ந்து பாடும் குழந்தைதான் அசைவாள். ஆகவே இந்தக் காமிராவுக்கு இருட்டு மட்டும் எதிரியல்ல. இருட்டும் அசைவும் சேர்ந்து வரும்போதுதான் அது தோற்கிறது. நம் குடும்ப விசேஷங்களில் பெரும்பாலானவை அப்படித்தான் நடக்கின்றன.

சின்னச் சின்ன எல்லைகள்

மேலும் சில விஷயங்கள், சுருக்கமாக.

முழுதாக நீட்டிய லென்ஸ் பார்க்கும் இடம் மிகக் குறுகலானது. 3000 மில்லிமீட்டரில், நூறு மீட்டர் தூரத்தில் நாலடி அகலம்தான் தெரியும். பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது பறந்துவிடும். முதலில் அகலக் கோணத்தில் பறவையை நடுவில் நிறுத்தி, பிறகு மெல்ல நீட்டுவதே வழி. பறக்கும் பறவையைத் தொடர்ந்து குவியம் வைப்பது இந்தச் சிறு சென்சார் காமிராக்களில் பலவற்றுக்குக் கஷ்டம். உட்கார்ந்திருக்கும் பறவையோடு திருப்திப்படுங்கள்.

காற்றும் ஒரு லென்ஸ்தான். நண்பகலில் சேற்றுப் பரப்பின் மேல் வெப்பம் எழும்பும்போது தூரத்துப் பறவை கானல் நீரில் நெளிவது போல வரும். எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும் இதைச் சரி செய்யாது. விடியற்காலையில் போவதுதான் மருந்து.

நம் ஊருக்கே உரியது மழைக்கால ஈரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் ஊறுகாய்க்கே பூஞ்சை பிடிக்கிறது, லென்ஸை விட்டுவைக்குமா? நீண்டு சுருங்கும் லென்ஸ் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. இந்த வகைக் காமிராவில் லென்ஸைக் கழற்ற முடியாது. கழற்றி மாட்டும்போது தூசி விழும் பயம் இல்லை என்பது நன்மை. ஆனால் உள்ளே பூஞ்சை வந்துவிட்டால் முழுக் காமிராவையும் பிரிக்க வேண்டும். தோல் பையில் போட்டு பீரோவில் பூட்டுவதைவிடக் கெடுதல் வேறில்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், வாரம் ஒருமுறை வெளியே எடுத்து நாலு படம் என்ற பழக்கமே போதும்.

அடுத்தவர் ஜன்னல்

இன்னொரு எல்லை, காமிராவுக்கு அல்ல, நமக்கு. மும்பையில் ஒரு கட்டடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மாமரம் நிற்கும் இடம்தான் இருக்கிறது. மொட்டை மாடியில் சந்திரனைத் தேடும் லென்ஸ் எதிர் வீட்டு ஜன்னல் பக்கம் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் பிள்ளைகளிடம் முதல் நாளே இதைப் பேசிவிட வேண்டும். தனிமையில் இருக்கும் பெண்ணை அவளறியாமல் படமெடுப்பது 2013 முதல் நம் நாட்டில் தனிக் குற்றம். சட்டம் ஒருபுறமிருக்க, தெருவில் பூ விற்கும் அம்மாளை, கோலி விளையாடும் குழந்தையை எதிர்ச் சாரியிலிருந்து ஒளிந்து எடுப்பதும் எனக்கு உவப்பாக இல்லை. பக்கத்தில் போய், "எடுக்கட்டுமா?" என்று கேட்டு எடுத்தால் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். மறுத்தால் விட்டுவிட்டு வரலாம். பறவையிடம் தூரம் மரியாதை. மனிதரிடம் நெருங்கிக் கேட்பதே மரியாதை.

பாட்டியின் முகம்

என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பெரியவர் ஒருவர் காலமானார். வருஷத்தில் நாலு மாதம் ஊரிலிருந்து வந்து இங்கே பிள்ளை வீட்டில் இருந்துவிட்டுப் போகும் பாட்டி. பத்தாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டுமென்று வீட்டில் எல்லோரும் தேடினார்கள். நல்ல ஜூம் காமிரா இருந்த வீடு. ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தன. பூநாரை, சந்திரன், எலிபண்டா, லோனாவாலா மலை. பாட்டி இருந்த படங்களிலெல்லாம் அவர் கூட்டத்தில் ஒருவராக இருந்தார். மண்டபத்தின் மறுகோடியிலிருந்து இழுத்து எடுத்த ஒரு படத்தில் முகம் சட்டம் நிறைய இருந்தது. பெரிதாக்கியபோது கண்களின் இடத்தில் இரண்டு மங்கல்தான். கடைசியில் ரேஷன் கார்டுக்கு எடுத்த படத்துக்குத்தான் மாலை போட்டார்கள்.

அந்த வீட்டாரைக் குறை சொல்ல மாட்டேன். காமிராவையும் குறை சொல்ல மாட்டேன். பாட்டி எப்போதும் நாலு அடி தூரத்தில் இருந்தார். அவரைப் படமெடுக்க 83 மடங்கு தேவைப்படவில்லை. காலை வேளையில் பால்கனிப் பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டு, "பாட்டி, கொஞ்சம் இங்கே உட்காருங்கோ" என்று சொல்லியிருந்தால் போதும். ஜன்னல் வெளிச்சத்தில் இதே ஜூம் காமிரா அருமையாக வேலை செய்யும். பாட்டியிடமிருந்து ஆறேழு அடி தள்ளி நின்று, ஜூமை 85-இலிருந்து 100 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். அகலக் கோணத்தில் ஓர் அடி தூரத்தில் போய் எடுத்தால் மூக்கு பெரிதாகி முகம் கோணும். ஆறேழு அடியில் முகம் உள்ளபடி வரும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே நாலைந்து படம் எடுங்கள். அவர் காமிராவை மறந்து ஊர்க் கதை சொல்ல ஆரம்பிக்கும்போது வருவதுதான் நல்ல படம்.

ஊரை விட்டு வந்த நம் போன்ற குடும்பங்களுக்கு இது சிறிய விஷயமல்ல. நம் பெரியவர்கள் நம்மோடு எப்போதும் இருப்பதில்லை. வரும்போது இருக்கிறார்கள், ரயிலேற்றிவிட்டால் அடுத்த வருஷம்தான். பூநாரை அடுத்த குளிர்காலமும் வரும்.

அப்படியென்றால் எதை வாங்குவது?

"இதெல்லாம் எதற்கு அங்கிள்? போன் போதுமே" என்று இளைஞர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. இருட்டில் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்கும் வித்தை கைப்பேசிக்குத் தெரியும். வீட்டுக்குள், கைக்கெட்டும் தூரத்தில், நல்ல கைப்பேசி பல ஜூம் காமிராக்களைத் தோற்கடித்துவிடும். ஆனால் தாணே கழிமுகத்தின் கரையில் நின்றால் ஜெயிப்பது ஜூம் காமிராதான். ஆகவே இரண்டும் போட்டியல்ல. கைப்பேசி செய்யும் வேலைக்காக இன்னொரு காமிரா வாங்காதீர்கள். அதனால் முடியாததற்காக வாங்குங்கள்.

பறவை, சந்திரன், கோபுரம், மலை என்று வெளியே வெயிலில் அலையும் ஆசை உள்ளவருக்கு, பி900 வழியில் வந்த சிறு சென்சார், நீள ஜூம் காமிரா சரி. 2020-இல் பி950-உம், 2025-இல் பி1000-இன் லென்ஸோடு பி1100-உம் வந்தன. பி1000 ஒன்றரைக் கிலோவை நெருங்கும் எடை என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். முதுகுவலிக்காரர்களுக்கு ஆகாது.

பாதி வெளியே, பாதி வீட்டு விசேஷம் என்றால் ஓர் அங்குல சென்சார் எனப்படும் வகையைப் பாருங்கள். அதன் பரப்பு முன்னதைப்போல் நான்கு மடங்கு. 2017-இல் வந்த சோனி ஆர்.எக்ஸ்.10 நான்காம் மாடல் 24-இலிருந்து 600 வரை போகும். முழுதாக நீட்டினாலும் எஃப் 4 தான். தூரத்தில் பாதிக்கு மேல் விட்டுக்கொடுத்து வெளிச்சத்தை வாங்குகிறீர்கள். விலை அதிகம், பழைய காமிராவாகக் கிடைத்தால் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும்.

குழந்தைகளின் நாட்டியம், பாட்டு, கல்யாணம் இவைதான் முக்கியம் என்றால் ஜூம் எண்ணை மறந்துவிடுங்கள். லென்ஸ் மாற்றும் சாதாரணக் காமிரா ஒன்றும், அதற்கு 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றும் போதும். அந்த லென்ஸில் ஜூமே கிடையாது. நீங்கள்தான் நடக்க வேண்டும். முன்வரிசையில் ஓர் ஓரமாக இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.

எதுவானாலும் கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். கோட்டைப் பகுதியில் போரா பஜார் கடைகளில் கேட்டால் காமிராவைக் கையில் கொடுப்பார்கள். தெருவை நோக்கி ஜூம் செய்து பார்த்து வியப்பதோடு நிறுத்தாதீர்கள். அது எப்போதும் நன்றாகத்தான் வரும். கடைக்குள் திரும்பி, ஃபிளாஷ் இல்லாமல், உள்மூலையில் நடமாடும் கடைப்பையனைப் பாதி ஜூமில் எடுத்து, படத்தைத் திரையில் பெரிதாக்கி அவன் கண்ணைப் பாருங்கள். உங்களுக்கு அது திருப்தியென்றால் தாராளமாக வாங்குங்கள்.

வாங்கிய பிறகு, வருஷத்துக்கு இருபது படமாவது பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் ஒட்டுங்கள். பின்புறம் பெயரும் தேதியும் எழுதுங்கள். அந்த இருபதில் பத்து, வீட்டிலிருப்பவர்களின் முகமாக இருக்கட்டும். பாக்கிப் பத்தில் பூநாரையும் சந்திரனும் எவ்வளவு வேண்டுமானாலும் வரட்டும்.